மரபணு ஊசிக்காகக் காத்திருக்கலாமா, காக்ளியர் கருவியை இப்போதே வைத்துவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 14 மாதம். பிறந்த சில நாட்களில் பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே செவிப் பரிசோதனை செய்து ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குக்கர் விசிலுக்கும் தீபாவளி வெடிக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. ‘இவளுடைய அப்பாவும் மெதுவாகத்தான் பேசினான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் சில மாதங்கள் ஓடிவிட்டன. ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத் தண்டும் பதில் தருகின்றனவா என்று அலைகளாகப் பதிவு செய்வது பெரா பரிசோதனை. இப்போது எடுத்த அதில் இரண்டு காதிலும் அலையே இல்லை. உட்காதுக்குள் நுண்கம்பி செலுத்திச் செவிநரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். இந்த நேரத்தில் உங்கள் மைத்துனர், சீனாவில் ஒரே ஊசியில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறது என்று ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். ‘மரபணு சிகிச்சை உண்மையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்தால் அந்த ஊசி நம் குழந்தைக்கும் கிடைத்துவிடுமா? இப்போது அவசரப்பட்டுக் கருவி வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா?

காத்திருக்காதீர்கள். கருவி வைத்தால் வழி முழுவதும் அடைபடுவதும் இல்லை. அதே சமயம், உங்கள் கதையில் அந்த ‘பாஸ்’ என்ற ஒரு சொல் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சைக்கு முன் கட்டாயம் செய்துகொள்ள வேண்டிய சில பரிசோதனைகள் இருக்கின்றன. நான் சென்னையில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் செவித்திறனைச் சோதித்துவரும் ஆடியாலஜிஸ்ட். அறுவைச் சிகிச்சை மருத்துவர் இல்லை, மரபியல் நிபுணரும் இல்லை. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காணொளி பொய் இல்லை. ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழகத்தின் கண், காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில் மருத்துவர் யிலாய் ஷூவின் குழுவினர், அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஷெங்-யி சென் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இதைச் செய்தார்கள். முதல் குழந்தைக்கு மருந்து செலுத்தப்பட்டது 2022 டிசம்பரில். 2024 ஜனவரியில் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. ஆறு குழந்தைகளுக்கு ஒரு காதில் மருந்து செலுத்தி 26 வாரம் கவனித்ததில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் கிடைத்தது. முன்பு 95 டெசிபலுக்கு மேல் சத்தம் கொடுத்தும் பதில் தராத காதுகள் அவை. சராசரியாக 40 முதல் 57 டெசிபல் வரை முன்னேற்றம் இருந்தது. ஒரு குழந்தைக்குப் பலன் எதுவும் இல்லை. பிறகு இரண்டு காதிலும் செலுத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு நிறுவனங்கள் தனித்தனியாகத் தயாரித்த மருந்துகளும் இதே திசையில்தான் பலன் காட்டின. 2025 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 12 குழந்தைகளில் 9 பேர் 70 டெசிபல் அல்லது அதைவிட மெல்லிய ஒலியைக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கைகள் செய்தும் ஒரே மாதிரிப் பலன் வந்திருப்பதால் இதை நான் நம்புகிறேன். நான் படித்த காலத்தில் இதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

காணொளி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அத்தனை குழந்தைகளுக்கும் பழுது ஒரே மரபணுவில். ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 1999இல் அதை அடையாளம் கண்டார்கள். உட்காதின் நத்தைச்சுருளில் உள்வரிசை மயிர்ச் செல்கள் என்று சுமார் 3,500 செல்கள் இருக்கின்றன. ஒலி வந்ததும் அவைதான் செவிநரம்புக்குத் தகவல் அனுப்புகின்றன. அனுப்புவது என்றால், செல்லின் அடிப்பக்கத்தில் சேர்ந்திருக்கும் நுண்பைகள் உடைந்து, அவற்றிலுள்ள ரசாயனம் நரம்பின் மேல் படவேண்டும். அந்தப் பைகளை உரிய கணத்தில் உடைய வைப்பது ஓட்டோஃபெர்லின். அது இல்லாதபோது செல் உயிரோடு இருக்கிறது, ஒலிக்கு அசைகிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது. இடையில் செய்தி மட்டும் கடப்பதில்லை. காதுக் கோளாறுகளில் இவ்வளவு ‘சுத்தமான’ பழுது அபூர்வம். அமைப்பு அப்படியே இருக்க, ஒரு புரதம் மட்டும் குறைகிறது. அதைக் கொடுத்தால் காது விழிக்கிறது. மரபணு சிகிச்சை முதலில் இங்கே வென்றதற்குக் காரணம் இதுதான்.

இந்த எளிய இடத்திலும் ஒரு தடங்கல் இருந்தது. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோக ஏ.ஏ.வி. என்ற தீங்கற்ற சிறு வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் சுமார் 4,700 எழுத்து நீளம்தான் கொள்ளும். ஓட்டோஃபெர்லின் மரபணுவுக்குத் தேவை ஏறத்தாழ 6,000 எழுத்து. திருவல்லிக்கேணி வீட்டுக் குறுகல் படியில் பீரோ ஏறாவிட்டால் என்ன செய்வோம்? கழற்றி இரண்டு நடையாகக் கொண்டுபோய் மேலே பூட்டுவோம். அதையேதான் செய்தார்கள். மரபணுவை இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, இரண்டும் ஒரே செல்லுக்குள் சேர்ந்தபின் அங்கே முழுமையடையும்படி அமைத்தார்கள். ‘ஒரே ஊசி’ என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். கையில் போடும் ஊசி இல்லை. முழு மயக்கம் கொடுத்து, காதுக்குள் நுண்ணிய அறுவைச் சிகிச்சை செய்து, நத்தைச்சுருளின் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வின் வழியே மருந்தைச் செலுத்துகிறார்கள். காக்ளியர் கருவி வைக்கப் போகும் பாதையும் ஏறக்குறைய அதுதான்.

பிறவிக் கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுக் காரணம் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மரபுவழிக் கேளாமை உள்ள நூறு குழந்தைகளில் ஓட்டோஃபெர்லின் பழுது ஓரிருவருக்கு என்பார்கள், சில கணக்குகள் எட்டு வரை போகும். இன்னும் அதிகம் காணப்படுவது கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் வரும் பழுது. இந்தியக் குடும்பங்களில் அந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு ஓட்டோஃபெர்லின் அளவுக்கு மனிதர்களிடம் நிரூபணமான மரபணு சிகிச்சை இல்லை. ‘எலியில் வெற்றி’ என்று செய்தி வரும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலிக்குஞ்சு பிறக்கும்போது அதன் உட்காது வளர்ந்து முடிந்திருக்காது. பிறந்து ஏறக்குறைய 12 நாள் கழித்துத்தான் அதற்குக் காது கேட்கத் தொடங்கும். மனிதக் குழந்தைக்கோ வயிற்றுக்குள் இருக்கும்போதே காது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. பிறந்த எலிக்குக் கொடுத்த மருந்து என்றால், மனிதக் கணக்கில் கருவுக்குக் கொடுத்ததுபோல ஆகிறது. பல மரபணுக்களில் பழுதின் விளைவாகச் செல்களே பிறப்பதற்கு முன் அழிந்துவிடுகின்றன. அழிந்த மயிர்ச் செல் பறவைக்குத் திரும்ப முளைக்கும், பாலூட்டிகளுக்கு முளைக்காது.

இப்போது அந்த ‘பாஸ்’. பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருத்துவமனைகளில் செய்வது ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை. காதில் சின்ன முனையைச் செருகி ஒலி கொடுத்தால், உட்காதின் வெளிவரிசை மயிர்ச் செல்கள் எதிரொலி போல ஒன்றைத் திருப்பி அனுப்பும். அது பதிவானால் ‘பாஸ்’. இரண்டு நிமிட வேலை, மலிவு, குழந்தை தூங்கினால் போதும். ஆனால் அது பார்ப்பது வெளிவரிசைச் செல்களை மட்டுமே. உள்வரிசைச் செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தி போகிறதா, நரம்பிலிருந்து மூளைத் தண்டுக்குப் போகிறதா என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது பெரா. ஆகவே ஓ.ஏ.இ. நன்றாக இருந்து பெராவில் அலை இல்லை என்றால், கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று பொருள். செவிநரம்பு ஒத்திசைவுக் கோளாறு என்று எங்கள் அறிக்கைகளில் எழுதுவது இதைத்தான். ஓட்டோஃபெர்லின் பழுது உள்ள குழந்தைகள் சரியாக இந்த வகையில்தான் வருவார்கள். பிறந்தபோது ‘பாஸ்’ என்று சொல்லி அனுப்பப்பட்டு, ஒரு வயதுக்கு மேல் பேச்சு வராமல் திரும்பி வருவார்கள். ஓ.ஏ.இ. மட்டும் செய்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தின் மேல் எனக்குப் பல நாள் கோபம் உண்டு. இரண்டையும் செய்ய முடியாவிட்டால், ‘இது முழுச் சோதனை இல்லை’ என்ற ஒரு வரியையாவது அட்டையில் அச்சிடலாம்.

சேர்த்தே சொல்லவேண்டும், இந்த அறிகுறி வேறு காரணங்களாலும் வரும். பிறந்ததும் மஞ்சள் காமாலை மிக அதிகமாகி ரத்தம் மாற்றவேண்டி வந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்து நெடுநாள் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தை, மூச்சுத்திணறல் ஏற்பட்ட குழந்தை ஆகியோருக்கும் இப்படி ஆகலாம். செவிநரம்பே மெலிந்தோ இல்லாமலோ பிறந்திருக்கவும் கூடும். அந்த நிலையில் காக்ளியர் கருவியின் பலனும் குறைவாக இருக்கும் என்பதால், எம்.ஆர்.ஐ. இல்லாமல் யாரும் அடுத்த அடி வைக்கமாட்டார்கள். பிறக்கும்போது கேட்டு, சில மாதங்களில் கேள்வித்திறன் குறையும் குழந்தைகளும் உண்டு. தாய் வயிற்றில் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் அப்படிச் செய்யும். போதாததற்கு, குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது அவசரமாக எடுத்த ஓ.ஏ.இ. முடிவு தவறாகவும் இருக்கலாம். எனவே உங்கள் மகளுக்கு இருப்பது ஓட்டோஃபெர்லின் பழுது என்று நான் சொல்லவில்லை. அதைத் தேடிப் பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது என்கிறேன்.

தேடுவது கடினமில்லை. அடுத்த முறை போகும்போது ஓ.ஏ.இ.யை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வயது ஏற ஏற ஓட்டோஃபெர்லின் பழுதிலும் அந்த எதிரொலி சிலருக்கு மறைந்துவிடும், அதனால் இப்போது வரவில்லை என்றாலும் பழைய ‘பாஸ்’ அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பெரா எடுத்தபோது ஒலியின் துருவத்தை மாற்றி இரண்டு முறை பதிவு செய்தார்களா, காக்ளியர் மைக்ரோபோனிக் என்ற சிற்றலை இருந்ததா என்று கேளுங்கள். அந்த அலை இருந்தால் மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பழைய பெரா வரைபடத்திலேயே அது தெரியக்கூடும், பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். மூன்றாவது மரபணுப் பரிசோதனை. சிறிதளவு ரத்தம் போதும். சென்னையிலேயே எடுத்து அனுப்புகிறார்கள், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கேளாமைக்கான மரபணுக்களை மட்டும் பார்க்கும் தொகுப்பையோ, எல்லா மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளையும் படிக்கும் முழு எக்ஸோமையோ கேட்கலாம். அறிக்கையில் ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்று எழுதி வந்தால் அதை நோய் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், நோய் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதித்து, மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அதற்கு அர்த்தம் வரும்.

‘எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இப்படி இல்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவி உங்கள் சொந்த அத்தை மகள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இந்த வகைக் கேளாமை வரவேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேரவேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குக் காது நன்றாகவே கேட்கும், தலைமுறை தலைமுறையாக அது தெரியாமலே வரும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த இருவர் மணக்கும்போது அந்த இரண்டும் சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது, உங்களுடையது ஒன்றும் விசித்திரம் இல்லை. இதில் உங்கள் மனைவியின் பக்கம் என்றோ உங்கள் பக்கம் என்றோ குற்றம் கிடையாது. கணக்குப்படி இருவருக்கும் சரிபாதி. மரபணு உறுதியானால் அடுத்த குழந்தைக்கும் இதே வாய்ப்பு நான்கில் ஒன்று. ஊசி கிடைக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு தகவலுக்காகவே பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

காத்திருப்பது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். காது கேட்பது ஒன்று, பேச்சு விளங்குவது இன்னொன்று. விளங்கிக்கொள்வது மூளையின் வேலை, அதைக் கற்க மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அனு ஷர்மா என்ற ஆய்வாளர், கருவி வைத்த குழந்தைகளின் மூளை அலைகளை நீண்ட காலம் அளந்தார். மூன்றரை வயதுக்குள் வைத்தவர்களின் அலைகள் கேட்கும் குழந்தைகளின் அலைகளை எட்டிப் பிடித்தன. ஏழு வயதுக்குப் பின் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. இது கருவிக்கு மட்டும் பொருந்துவதில்லை. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் 2023இல் ஓட்டோஃபெர்லின் மரபணு சிகிச்சை பெற்ற, மொராக்கோவில் பிறந்த ஒரு 11 வயதுச் சிறுவனுக்கு வாழ்வில் முதன்முறையாக ஒலி கேட்டது. ஆனால் அவனுக்குப் பேச்சு வராமலே போகலாம் என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். காது திறந்தபோது மொழியைக் கற்கும் பருவம் கடந்திருந்தது.

இந்த இடத்தில் உங்கள் மைத்துனர் இன்னொரு செய்தியைக் காட்டக்கூடும். சீனாவின் ஐந்து மருத்துவமனைகளில் 1 முதல் 24 வயது வரையுள்ள பத்துப் பேருக்குச் செய்த ஆய்வு 2025இல் வெளியானது. கேட்பதற்குத் தேவைப்பட்ட ஒலியளவு சராசரியாக 106 டெசிபலிலிருந்து 52க்கு இறங்கியது. மிக நல்ல பலன் ஐந்து முதல் எட்டு வயதுக்காரர்களிடம் கிடைத்தது. ‘பார், பொறுத்துச் செய்தால்தான் நல்லது’ என்று அதை வாசிக்கக் கூடாது. பத்துப் பேரை வயதுவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் இருப்பார்கள். தவிர, அந்த எண் சொல்வது எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதை. எத்தனை சொல் பேசுகிறார்கள் என்பதை இல்லை. அதேபோல, ‘அரசுத் திட்டத்தில் ஆறு வயது வரை வைக்கலாமாம், என்ன அவசரம்’ என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. ஆறு வயது என்பது விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளும் வரம்பு. அதுவரை இழுத்துவிட்டு வரும் பெற்றோரிடம் ‘இனி வைத்தாலும் பேச்சு இவ்வளவுதான் வரும்’ என்று சொல்ல நேர்வது எங்கள் தொழிலில் கசப்பான வேலை.

கருவி வைத்தால் வழி அடைபடுமா? வைத்த காதில் நுண்கம்பி நத்தைச்சுருளுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் மென்மையான அமைப்புக்கு அதனால் சேதம் வரலாம். அந்தக் காதுக்குப் பின்னாளில் மரபணு மருந்து பயன்படும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். ஆனால் அரசுத் திட்டத்தில் பொதுவாக ஒரு காதுக்குத்தான் கருவி தருகிறார்கள். மற்ற காது கைபடாமல் இருக்கும். பிரிட்டனில் கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் 2023இல் மரபணு சிகிச்சை பெற்ற ஒரு வயதை ஒட்டிய பெண் குழந்தைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வலது காதில் மரபணு மருந்து. அதே சமயத்தில் இடது காதில் காக்ளியர் கருவி. இந்தச் சிகிச்சையைச் செய்யும் மருத்துவர்களே ஒரு காதைக் கருவிக்குக் கொடுத்தார்கள், குழந்தையின் காலத்தை வீணாக்கவில்லை. மகளுக்கு ஓட்டோஃபெர்லின் பழுது என்று உறுதியானால், ‘ஒரு காதில் இப்போது வையுங்கள், மற்றதை இருக்க விடுங்கள்’ என்று உங்கள் மருத்துவரிடம் பேசலாம். வேறு மரபணு என்று தெரிந்தால் இரண்டு காதுக்கும் வைப்பதில் உள்ள நன்மையை யோசிக்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை கருவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ., தடுப்பூசிகள், காப்பீட்டு அனுமதி என்று அலையும் வாரங்களிலேயே அதுவும் வந்துவிடும்.

ஓட்டோஃபெர்லின் பழுது உள்ள குழந்தைக்கு நரம்பு நன்றாக இருப்பதால் காக்ளியர் கருவி பொதுவாக மிக நன்றாக வேலை செய்யும். மரபணு சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். ஆனாலும் கருவி இயற்கையான காதுக்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன். கடைத்தெரு இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பதும், சங்கீதத்தின் நுட்பமும் அதில் சிரமம். குளிக்கும்போது கழற்றவேண்டும், தூங்கும்போது கழற்றவேண்டும். சென்னை வியர்வையும் கடற்காற்று ஈரமும் வெளிக்கருவிக்கு ஆகாது, இரவில் உலர்த்தும் பெட்டியில் வைத்தே ஆகவேண்டும். வயர் அறும், பேட்டரி போகும், சில ஆண்டுகளில் வெளிக்கருவியே பழசாகும். அந்தச் செலவை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லை எதுவும் இல்லாத ஒரு சிகிச்சையின் மேல் பெற்றோர் ஆசைப்படுவதில் தவறே இல்லை. நானும் ஆசைப்படுகிறேன்.

அந்தச் சிகிச்சையில் உறுதி எது, சந்தேகம் எது? ஓட்டோஃபெர்லின் பழுதுக்குப் பெரும்பாலான குழந்தைகளிடம் சில மாதங்களில் கேட்கும் திறன் கிடைக்கிறது என்பது உறுதி. குறுகிய காலத்தில் பெரிய ஆபத்து தென்படவில்லை என்பதையும் ஏறக்குறைய உறுதி என்று சொல்லலாம். ஷாங்காய் ஆய்வில் பதிவான 48 பக்கவிளைவுகளில் 46 லேசானவை அல்லது நடுத்தரமானவை, இரண்டு மட்டும் வெள்ளணுக் குறைவு தொடர்பான கடுமையானவை. எத்தனை ஆண்டு நிற்கும் என்பதுதான் சந்தேகம். மயிர்ச் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை என்பதால் உள்ளே போன மரபணு நீடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் மனிதரில் முதல் காதே 2022 இறுதியில்தான் இந்த ஓட்டோஃபெர்லின் மருந்தைக் கண்டது. இருபது வயதில் அந்தக் காது எப்படி இருக்கும் என்று உலகில் எவராலும் சொல்ல முடியாது. பலன் குறைந்தால் மறுபடி செலுத்தலாமே என்றால், ஒருமுறை வைரஸ் போனதும் உடல் அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருக்கும், இரண்டாம் முறை சிக்கலாகும்.

செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்டுவடத் தசைநலிவுக் குழந்தைகளுக்காக ஊரே சேர்ந்து நிதி திரட்டிய ‘16 கோடி ரூபாய் ஊசி’ உங்கள் நினைவில் இருக்கும், அதுவும் ஏ.ஏ.வி. வழியாகச் செல்லும் மரபணு மருந்துதான். பரம்பரைப் பார்வைக் குறைபாட்டுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர். இந்த வகை மருந்துகள் கடைக்கு வரும் விலை இப்படித்தான் இருந்துவந்திருக்கிறது. நம் நாட்டிலும் மரபணு சிகிச்சை நடக்காமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாகி உலகக் கவனம் பெற்றது. காதுக்கும் ஒருநாள் இங்கே வரலாம். எந்த ஆண்டு என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

குறிப்பாக, பணம் கேட்பவரை நம்பாதீர்கள். முறையான ஆய்வில் சேரும் குழந்தையின் பெற்றோரிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. இந்தியாவில் நடக்கும் எந்தச் சிகிச்சை ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அது இணையத்தில் எவரும் பார்க்கக் கூடியது. கேளாமையைப் ‘ஸ்டெம் செல்’ ஊசியால் சரிசெய்வதாகச் சொல்லிச் சில லட்சங்களை வாங்கிக்கொண்ட இடத்திலிருந்து என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. ஊசிக்கு முன்னும் பின்னும் பெரா ஒரே கோடுதான். பணம் போனதைவிடக் குழந்தையின் ஒன்றரை வருடம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்ற சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் ஏற்பதில்லை.

கருவி வைப்பதோடு வேலை முடியாது என்பதையும் உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார். உண்மையில் அங்கேதான் தொடங்கும். வாரந்தோறும் செவிவழிப் பேச்சுப் பயிற்சி, அதைவிட முக்கியமாக வீட்டில் நாள் முழுவதும் பேச்சு. கருவி பொருத்தும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே செவித்துணைக் கருவி மாட்டிப் பயிற்சி தொடங்குங்கள். சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் இந்த வயதுக் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறது. போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். இதற்கிடையில் சைகை காட்டிப் பேசினால் குழந்தை சோம்பேறியாகிப் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கையாலும் முகத்தாலும் நீங்கள் பேசுவதெல்லாம் அவளுக்கு மொழிதான்.

உங்கள் மாமனாரின் முதுமைக் கேளாமைக்கும் இந்த ஊசி உதவுமா என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். உதவாது. அவருக்கு மயிர்ச் செல்களே தேய்ந்து போயிருக்கும், மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே செல் இல்லை. புதிய செல்லை வளர்க்கும் மரபணுவைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வு அமெரிக்காவில் 2014இலேயே தொடங்கியது, சிகிச்சையாகும் அளவுக்குப் பலன் வரவில்லை. அவருக்கு ஒரு நல்ல செவித்துணைக் கருவியும் அதை மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் மனமும் போதும்.

மகளின் பெரா வரைபடம் கையில் இருந்தால், பெயர், மருத்துவமனை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அலைகள் மட்டும் தெரியும்படி இங்கே போடுங்கள். காக்ளியர் மைக்ரோபோனிக் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மறு ஓ.ஏ.இ. முடிவு வந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.